நான்கு உள்ளங்கை ரப்பர்

ஒரு டன் எடையுள்ள சிறிய கார் நெடுஞ்சாலையில் விரைகிறது. அது தரையைத் தொடும் பரப்பு எவ்வளவு? ஆயிரம் கிலோவை நான்கு சக்கரங்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 250 கிலோ. டயருக்குள் 33 பி.எஸ்.ஐ. காற்று இருக்கிறது. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ. வகுத்துப் பார்த்தால் நூற்றுச் சொச்சம் சதுர சென்டிமீட்டர். ஓர் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய இடம். வேகம் எடுப்பது, பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது, மழையில் நிலைகொள்வது எல்லாம் இந்த நான்கு உள்ளங்கை ரப்பரை நம்பித்தான். டயர், வீல், சஸ்பென்ஷன் என்று எதை மாற்ற நினைத்தாலும், இந்த இடத்துக்கு அதனால் என்ன ஆகும் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

அகலமான டயர் போட்டால் அதிக ரப்பர் தரையில் படும் என்று பலர் நம்புகிறார்கள். மேலே போட்ட கணக்கில் டயரின் அகலம் எங்குமே வரவில்லை. எடையும் காற்றழுத்தமும் மாறாதவரை பரப்பும் பெரிதாக மாறாது. மாறுவது அதன் வடிவம்தான். ஒல்லியான டயரில் நீளவாக்கில் கிடந்த தடம், அகல டயரில் குறுக்குவாக்கில் விரிகிறது. அதற்கும் பலன் உண்டு. டயர் தான் பார்க்கும் திசையிலேயே நேராக உருள்வதில்லை. வளைவில் சில டிகிரி விலகியே உருள்கிறது. தடத்தின் முன்முனையில் ஒரு துளி ரப்பர் சாலையைக் கவ்வுகிறது, கார் நகர நகரப் பக்கவாட்டில் இழுபடுகிறது, பின்முனையில் விடுபட்டுப் பழைய வடிவத்துக்கு மீள்கிறது. நொடிக்கு நொடி நடக்கும் இந்த இழுபடலிலிருந்துதான் காரைத் திருப்பும் விசை பிறக்கிறது. ரப்பர் கோணுவதால்தான் கார் திரும்புகிறது என்பது எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. தடம் குட்டையாகவும் அகலமாகவும் இருந்தால் அந்த விசை சீக்கிரம் எழும். ஸ்டீயரிங் கூர்மையாகப் பேசும்.

இனி அளவுக்கு வருவோம். மாருதி ஸ்விஃப்ட் 165/80 ஆர்14 அளவிலும், 185/65 ஆர்15 அளவிலும் வந்திருக்கிறது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 165-இல் 80 சதவீதம் 132 மி.மீ. மேலும் கீழுமாக 264. 14 அங்குல ரிம் 356. மொத்தம் 620 மி.மீ. இரண்டாவது அளவையும் இப்படியே போட்டால் 621 அல்லது 622 வரும். ஆர்வலர்கள் மாட்டும் 195/55 ஆர்16 கூட 621தான். 205/45 ஆர்17-க்கு 616. வெளிவிட்டம் இப்படி ஒத்துப்போவதால்தான் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாமல் இருக்கிறது. டயர் மாற்றும்போது காக்க வேண்டிய எண் இதுவே. அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் பாருங்கள். 85 என்றால் அந்த டயர் 515 கிலோ தாங்கும், 88 என்றால் 560. காரைச் செய்தவர்கள் கேட்டதற்குக் கீழே இறங்கக் கூடாது.

வெளிவிட்டம் அப்படியே இருக்க, ரிம் பெரிதானால் எது குறைகிறது? பக்கச்சுவர். 132, 120, 107, 92 என்று இறங்குகிறது. 14-லிருந்து 17-க்குப் போகிறவர் நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குக் காற்றை இழக்கிறார். ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் பெல்ஃபாஸ்டில் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைப் பொருத்தியது அதிர்ச்சியைக் குறைக்கத்தான். இன்றும் பள்ளத்தை முதலில் வாங்கிக்கொள்வது அந்தக் காற்றே. இரும்பு ஸ்பிரிங்கின் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது. காற்று மெலிந்தால் பள்ளத்தின் விளிம்பு டயரை ரிம்மோடு நசுக்கும். ரிம் வளையும், பக்கச்சுவர் புடைக்கும். நம் சாலைகளில் ஓடும் சிறிய காருக்கு 15 அங்குலமே போதும் என்பது என் உறுதியான கருத்து. 17 அங்குலம் கண்ணுக்குத்தான் அழகு. அலாய் என்றாலே எடை குறைவு என்பதும் உண்மையில்லை. பெரிய, மலிவான அலாய் வீல் பழைய இரும்பு வீலைவிடக் கனக்கக்கூடும். வாங்கும்முன் இரண்டையும் தராசில் வைக்கச் சொல்லுங்கள். சக்கரத்தின் விளிம்பில் கூடும் ஒவ்வொரு கிலோவும் வேகம் எடுக்கும்போது ஏறக்குறைய இரண்டு கிலோவாகச் சுமக்கப்படுகிறது. அதை முன்னே நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும்.

சஸ்பென்ஷனில் சிறிய காருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. காரின் எடை அழுத்தி ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் இறங்கினால், கார் நொடிக்கு ஒரு முறை மெல்ல ஏறி இறங்கும். உடம்புக்கு அது இதமான அசைவு. ஆனால் அத்தனை மிருதுவான ஸ்பிரிங் மேல் நான்கு பேரும் மூட்டைகளும் ஏறினால் என்ன ஆகும்? இரண்டு டன் காருக்கு 300 கிலோ பெரிய பாரமில்லை. 600 கிலோ காருக்கு அது பாதி எடை. வண்டி அடிவரை அமர்ந்துவிடும்.

1959-இல் வந்த மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் இந்தச் சிக்கலை நேராகச் சந்தித்தார். அவருக்காக அலெக்ஸ் மோல்ட்டன் இரும்புச் சுருளுக்குப் பதில் ரப்பர்க் கூம்புகளைச் செய்து கொடுத்தார். லேசான பாரத்துக்கு இளகும், பாரம் ஏற ஏற இறுகும் கூம்புகள் அவை. சக்கரமோ வெறும் 10 அங்குலம். டன்லப் அதற்கென்றே டயர் செய்தது. அந்தக் குட்டிக் கார் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றது. பெரிய சக்கரத்தால் வந்த வெற்றியில்லை அது. எடை குறைவு, மூலைகளுக்குத் தள்ளி வைத்த சக்கரங்கள், தரையை விடாத ரப்பர்.

காரைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. ஐந்து சுற்றில் ஒன்று போனால் ஸ்பிரிங் கால் பங்கு கூடுதலாக இறுகுகிறது, சக்கரம் மேலெழ இருந்த இடமும் குறைகிறது. இன்னொன்றும் நடக்கிறது. பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. அதைத் தாழ்த்தினால் காரின் எடைமையம் இறங்குவதைவிட, வளைவில் உடல் சாயும் அச்சு வேகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், சாய்க்கும் விசைக்கு நெம்புகோல் நீள்கிறது. சாய்வைக் குறைக்கச் செய்த வேலை சாய்வுக்கே துணைபோகும். அதற்குச் செலவிடும் பணத்தில் நல்ல ஷாக் அப்சார்பர்கள் வாங்கலாம். ஸ்பிரிங் தாங்குகிறது, ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அது தேய்ந்தால் சக்கரம் நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குப் பிரேக் பிடிக்கத் தரை கிடைக்காது.

மழையில்தான் உள்ளங்கையின் உண்மையான சோதனை. தேங்கிய நீரை டயர் பட்டனின் (ட்ரெட்) பள்ளங்கள் வெளியேற்ற வேண்டும். முடியாதபோது டயர் நீரின்மேல் ஏறி மிதக்கிறது. விமான டயர்களை ஆராய்ந்த நாசா பொறியாளர்கள் 1960-களின் தொடக்கத்தில் ஓர் எளிய விதியைக் கண்டார்கள்: மிதக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்த விதிப்படி 33 பி.எஸ்.ஐ.-க்கு ஏறக்குறைய 96 கி.மீ. வேகம், 25-க்கு இறங்கினால் 83. காருக்கு இது தோராயம்தான், ஆனால் போக்கு அதுவே. காற்றுப் பார்க்க மறந்த மாதங்கள் மழைநாளில் 13 கி.மீ. வேகத்தைப் பறித்துக்கொள்கின்றன. பட்டன் தேயத் தேய மிதக்கும் வேகம் இன்னும் கீழே வரும்.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முன்பக்கம் மாட்டச் சொல்கிறார்கள், எஞ்சினும் ஸ்டீயரிங்கும் அங்கே இருப்பதால். பின்பக்கம் மாட்டுவதே சரி. முன் டயர் வழுக்கினால் ஸ்டீயரிங் கையில் லேசாகும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் ஓட்டுபவருக்குத் தெரிவதற்குள் கார் சுழலத் தொடங்கியிருக்கும்.