அதிபருக்கு ஜலதோஷம்! (1962ல் கென்னடி மறைத்த ஒரு டீல்)

1962 அக்டோபர் 20, சனிக்கிழமை. அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி தேர்தல் பிரசாரத்துக்காக சிகாகோவில் இருக்கிறார். திடீர்னு அவருடைய பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிங்கர் நிருபர்களைக் கூப்பிட்டு, அதிபருக்கு ஜலதோஷம், லேசா காய்ச்சலும் இருக்கு, மீதி கூட்டங்கள் எல்லாம் ரத்து, உடனே வாஷிங்டன் கிளம்புகிறார் என்று அறிவித்தார்.

லேப் கட் அடிக்க நாம காலங்காலமா சொல்லிட்டு வர்ற அதே காரணம்தான்! சாலிங்கருக்கே அப்போது உண்மையான காரணம் முழுசா தெரியாது.

உண்மை என்னன்னா, அதற்கு ஆறு நாள் முன்னாடி, அக்டோபர் 14ஆம் தேதி, யூ-2 என்ற உளவு விமானம் கியூபா மேல் பறந்து சில போட்டோக்கள் எடுத்திருந்தது. அதில் சோவியத் யூனியன் கட்டிக்கொண்டிருந்த அணு ஏவுகணைத் தளங்கள் தெரிந்தன. கியூபாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர்தான். அந்த ஏவுகணைகள் சுமார் 2,000 கிலோமீட்டர் பாயக்கூடியவை. வாஷிங்டனே ரேஞ்சுக்குள் வந்துவிடுகிறது.

இந்தக் கியூபா ஏவுகணை நெருக்கடியைப் பற்றி நாம படிச்ச வெர்ஷன் ரொம்ப சிம்பிள். கென்னடி உறுதியா நின்றார், சோவியத் தலைவர் குருஷேவ் பயந்து பின்வாங்கினார், உலகம் தப்பித்தது. நானும் இதைத்தான் பல வருஷமா நம்பிட்டு இருந்தேன். ஆனா அந்தக் கதையையே கென்னடியும் அவருடைய நெருங்கிய ஆலோசகர்களும் சேர்ந்து செதுக்கியிருக்காங்க. உலகத்தைக் காப்பாற்றிய டீலின் பாதி அதில் இல்லை. அந்த மறைந்த பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒண்ணும் நடக்காத மாதிரி இருப்பது

அக்டோபர் 16 காலையில் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டி விஷயத்தைச் சொன்னதும், கென்னடி நம்பிக்கையான ஒரு சின்ன குழுவைக் கூட்டினார். பின்னாளில் இதற்கு எக்ஸ்காம் என்று பெயர். தம்பியும் அட்டர்னி ஜெனரலுமான ராபர்ட் கென்னடி, பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா, வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க், உரை எழுதும் சோரன்சன் எல்லாரும் அதில் இருந்தார்கள்.

முதல் ஒரு வாரம் இவர்களுடைய பெரிய வேலையே யாருக்கும் சந்தேகம் வராமல் பார்த்துக்கொள்வதுதான். விஷயம் வெளியே கசிந்தால் மக்கள் பீதியடைவார்கள், எதிர்க்கட்சி உடனே தாக்கச் சொல்லும், குருஷேவும் உஷாராகிவிடுவார். யோசிக்க டைமே கிடைக்காது. அதனால் கென்னடி தன் வழக்கமான அட்டவணையை மாற்றவே இல்லை. 18ஆம் தேதி சோவியத் வெளியுறவு அமைச்சர் குரோமிகோ வெள்ளை மாளிகைக்கு வந்து, கியூபாவுக்குத் தருவது தற்காப்பு உதவிதான் என்றார். போட்டோ ஆதாரம் கையில் இருந்தும் கென்னடி அதைக் காட்டாமல் கேட்டுக்கொண்டார்.

பெரிய பத்திரிகைகள் சில எதையோ மோப்பம் பிடித்தபோது, கொஞ்சம் பொறுங்கள் என்று கென்னடியே போன் செய்து கேட்டுக்கொண்டார். அவர்களும் பொறுத்தார்கள்.

ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்பது

ராணுவத் தளபதிகள் கேட்டது விமானத் தாக்குதல், அப்புறம் படையெடுப்பு. கென்னடி தேர்ந்தெடுத்தது கியூபாவைச் சுற்றி கடற்படையை நிறுத்தி, ஆயுதம் கொண்டு வரும் கப்பல்களைத் தடுப்பது.

இதற்கு நேரான சொல் "முற்றுகை". ஆனா சர்வதேச சட்டப்படி முற்றுகை என்பது போர்ச் செயல். அதனால் அதற்கு "குவாரண்டைன்" என்று பெயர் வைத்தார்கள். கொரோனா சமயத்தில் நம்ம எல்லாருக்கும் மனப்பாடமான அதே சொல்தான்! செயல் கிட்டத்தட்ட ஒண்ணுதான், பெயர் மட்டும் வேற. ஆனா அந்தப் பெயர், சண்டைக்கு இழுக்கிறாங்க என்று குருஷேவ் சொல்ல முடியாதபடி அவருக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தது. அமெரிக்க நாடுகள் அமைப்பும் அடுத்த நாளே ஆதரவு கொடுத்தது. இமேஜ் வேலை என்றாலே ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். சில சமயம் அது எதிரியும் கௌரவமாக இறங்கி வர ஒரு படிக்கட்டு கட்டுகிறது.

22ஆம் தேதி மாலை 7 மணிக்கு கென்னடி டிவியில் தோன்றி நாட்டுக்கே விஷயத்தைச் சொன்னார். அதற்கு முன்பே நட்பு நாட்டுத் தலைவர்களுக்குத் தகவல் போய்விட்டது. பிரான்ஸ் அதிபர் டி காலைப் பார்க்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் டீன் ஆச்சிசன் பாரிசுக்கே போனார். 25ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு சபையில் அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன், சோவியத் தூதர் ஜோரினை எல்லார் முன்னாடியும் கேள்வி கேட்டுத் திணறடித்து, யூ-2 போட்டோக்களை ஸ்டாண்டில் வைத்துக் காட்டினார்.

இதே அக்டோபர் 20ஆம் தேதிதான் சீனா நம்ம எல்லையில் தாக்குதலை ஆரம்பித்தது. கியூபா பரபரப்பில் உலகத்தின் பார்வை அந்தப் பக்கம் அதிகம் திரும்பவில்லை.

அந்த சனிக்கிழமை

26ஆம் தேதி குருஷேவிடமிருந்து ஒரு நீண்ட கடிதம் வந்தது. கியூபா மீது படையெடுக்க மாட்டோம் என்று அமெரிக்கா வாக்குக் கொடுத்தால் பிரச்சினையை முடிக்கலாம் என்ற தொனி. அந்தக் காலத் தகவல் தொடர்பைப் பற்றி நம்ம இசிஇ மக்களுக்கு ஒரு தகவல்: வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதர் டோப்ரினின், மாஸ்கோவுக்குப் போக வேண்டிய அவசரத் தந்தியை சைக்கிளில் வரும் தந்தி கம்பெனிப் பையனிடம்தான் கொடுத்து அனுப்பினாராம். அணு ஆயுதப் போர் வருமா வராதா என்பது ஒரு சைக்கிள் பெடலில் தொங்கிக்கொண்டிருந்தது! அதனால்தான் அடுத்த வருஷமே இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஹாட்லைன் போட்டார்கள்.

27ஆம் தேதி சனிக்கிழமை எல்லாமே மோசமாகப் போனது. மாஸ்கோ வானொலியில் குருஷேவின் இரண்டாவது கடிதம் வந்தது. இந்தத் தடவை புது நிபந்தனை: துருக்கியில் இருக்கும் அமெரிக்காவின் ஜூபிட்டர் ஏவுகணைகளையும் எடுக்கணும். அதே நாள் கியூபா மேல் ஒரு யூ-2 சுட்டு வீழ்த்தப்பட்டு, விமானி மேஜர் ருடால்ஃப் ஆண்டர்சன் இறந்தார். பதிலடி கொடுக்கச் சொல்லி அழுத்தம் ஏறியது.

துருக்கியில் இருந்த ஜூபிட்டர்கள் 15. திரவ எரிபொருள், வெட்டவெளியில் நிற்கும், முதல் அடியிலேயே அழிக்கப்படலாம். அந்த வேலையை நீர்மூழ்கிக் கப்பலில் இருக்கும் போலாரிஸ் ஏவுகணைகளே நன்றாகச் செய்யும். டெக்னிக்கலா பார்த்தா இழப்பே இல்லை. ஆனா இமேஜ்? மிரட்டினால் அமெரிக்கா நட்பு நாட்டை விட்டுக்கொடுத்துவிடும் என்று நேட்டோ நாடுகள் நினைக்கும். ஆலோசகர்களில் பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றார்கள். அந்த அறையில் நடந்த பேச்சை கென்னடி ரகசியமாக டேப்பில் பதிவு செய்திருந்தார். அதைக் கேட்டால் ஆச்சரியமா இருக்கும். வெளியில் உலகத்துக்கே உறுதியானவராகத் தெரிந்த கென்னடிதான், உள்ளே இந்தப் பேரத்தை ஏற்கலாம் என்று திரும்பத் திரும்ப வாதாடுகிறார். நியாயமா யோசிக்கும் எவருக்கும் இது நல்ல பேரமாகத்தான் தெரியும், இதை மறுத்துவிட்டுப் போருக்குப் போனால் உலகத்துக்கு என்ன பதில் சொல்வோம் என்பதுதான் அவர் கேள்வி.

அன்று மாலை கென்னடியையும் சேர்த்து ஒன்பது பேர் மட்டும் தனியாகக் கூடினார்கள். துணை அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு அதில் அழைப்பு இல்லை. பிறகு ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைத் தனியாகச் சந்தித்து இரண்டு பகுதியாகப் பேசினார். வெளியே சொல்லக்கூடியது: நீங்கள் ஏவுகணைகளை எடுங்கள், நாங்கள் கியூபாவைத் தாக்க மாட்டோம். வெளியே சொல்லக்கூடாதது: துருக்கியில் இருப்பவையும் சில மாதங்களில் போய்விடும், ஆனால் இது வெளியே வரவே கூடாது.

அடுத்த நாள் ஞாயிறு, ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக குருஷேவ் அறிவித்தார். துருக்கி விஷயத்தைக் குறிப்பிட்டு அவர் ஒரு ரகசியக் கடிதமும் அனுப்பினார். ராபர்ட் கென்னடி அதை வாங்கி வைத்துக்கொள்ளாமல் டோப்ரினினிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பேப்பரில் எதுவும் இருக்கக்கூடாது! 1963 ஏப்ரலில் ஜூபிட்டர்கள் சத்தமில்லாமல் அகற்றப்பட்டன.

கதை எப்படி எழுதப்பட்டது

1962 டிசம்பரில் ஒரு பிரபல அமெரிக்க வார இதழில் நெருக்கடியின் உள்கதை என்று ஒரு கட்டுரை வந்தது. எழுதிய இருவரில் ஒருவரான சார்லஸ் பார்ட்லெட், கென்னடியின் நெருங்கிய நண்பர். அமெரிக்காவும் சோவியத்தும் கண்ணுக்கு நேர் கண் பார்த்து நின்றபோது எதிராளி கண் சிமிட்டிவிட்டான் என்று டீன் ரஸ்க் சொன்னது இந்தக் கட்டுரை வழியாகத்தான் உலகப் புகழ் பெற்றது. ஆனா அந்த நேரத்தில் முக்கியமான சோவியத் கப்பல்கள் தடுப்புக் கோட்டிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தூரத்தில், ஏற்கனவே திரும்பிப் போய்க்கொண்டிருந்தன என்று பின்னால் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

அதே கட்டுரை அட்லாய் ஸ்டீவன்சனைக் கோழை மாதிரி காட்டியது. காரணம், துருக்கி ஏவுகணைகளை விட்டுக்கொடுத்துப் பேரம் பேசலாம் என்று உள்ளே அவர் சொல்லியிருந்தார். கவனிங்க, கென்னடி கடைசியில் ரகசியமாகச் செய்ததும் கிட்டத்தட்ட அதைத்தான்! ஐ.நா.வில் அமெரிக்காவின் மானத்தைக் காப்பாற்றிய மனுஷன், சரியான யோசனையை முன்கூட்டியே சொன்னதுக்காகப் பேர் கெட்டார்.

ராபர்ட் கென்னடி 1968ல் சுட்டுக் கொல்லப்பட்டார். நெருக்கடி பற்றிய அவருடைய புத்தகம் 1969ல் வந்தது. அதிலும் பேரம் நடந்தது தெளிவாக இல்லை. 1989ல் மாஸ்கோவில் நடந்த ஒரு கருத்தரங்கில் சோரன்சன் ஒப்புக்கொண்டார்: டைரியில் பேரம் தெளிவாகவே இருந்தது, புத்தகத்துக்காக எடிட் செய்தபோது நான்தான் அதை மாற்றினேன் என்று. அதற்கு முந்தைய வருஷம்தான் பண்டியும் தன் புத்தகத்தில் உண்மையை எழுதியிருந்தார். ஆக சுமார் 26 வருஷம், அந்த ஒன்பது பேரின் ரகசியம் தாங்கியது.

பில் யாருக்கு வந்தது?

அந்த ரகசியத்தை நான் முழுசா குறை சொல்லமாட்டேன். அன்னிக்கு அமெரிக்காவுக்குத் தெரியாத ஒரு விஷயம் 1992ல் வெளியே வந்தது. கியூபாவில் இருந்த சோவியத் படையிடம் குறுகிய தூர அணு ஆயுதங்களும் இருந்தன. தளபதிகள் கேட்டபடி படையெடுத்திருந்தால், கடற்கரையிலேயே அணுகுண்டு வெடித்திருக்கலாம். இரண்டு தலைவர்களும் இறங்கி வர ஒரு மூடிய கதவு தேவைப்பட்டது.

என் பிரச்சினை கதவு மூடப்பட்டதில் இல்லை. ஆபத்து போன பிறகும் அதைத் திறக்காமல், உள்ளே நடந்ததுக்கு நேர் எதிரான ஒரு கதையை வெளியே விற்றதில்தான். குருஷேவ் தனக்குக் கிடைத்ததைச் சொல்லிக்கொள்ள முடியாமல் தோற்றவராகவே நின்றார். 1964 அக்டோபரில் அவரைப் பதவியிலிருந்து இறக்கியபோது கியூபாவும் குற்றப்பட்டியலில் இருந்தது. கென்னடி 1963ல் கொல்லப்பட்டதும் அதிபரானவர் யார்? அந்த மாலைக் கூட்டத்துக்கு அழைக்கப்படாத லிண்டன் ஜான்சன். விட்டுக்கொடுக்காமல் அழுத்தினால் எதிரி பணிவான் என்ற பாடத்தோடு 1965ல் வியட்நாமில் குண்டு வீச்சைத் தொடங்கியவர் அவர். அந்தப் போருக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனா கியூபாவில் என்ன வேலை செய்தது என்பதை அவருடைய சொந்த டீமே அவருக்குச் சொல்லவில்லை என்பது என்னை ரொம்ப யோசிக்க வைக்கிறது.

நம்ம ஃபீல்டு பாஷையில் சொன்னா, பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் ரிசல்ட்டை மட்டும் அழகா போட்டுட்டு, அது எப்படி வந்ததுங்கற மெத்தடை மாத்தி எழுதின மாதிரி. முதல் பேட்ச் ஏ கிரேடு வாங்கிட்டுப் போயிடும். அதே ரிப்போர்ட்டை நம்பி அடுத்த பேட்ச் செஞ்சு பார்க்கும்போதுதான் சர்க்யூட் எரியும்.

இனிமே ஏதாவது ஒரு தலைவர் "கெத்தா நின்னு ஜெயிச்சார்" என்று ஒரு வீடியோ உங்க ஃபீடில் வந்தால், ஷேர் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க. எதிர்ப்பக்கம் சும்மாவா இறங்கி வந்தது? அதுக்கு என்ன கொடுத்திருப்பாங்க?