உடம்பு வலிக்கு மசாஜ் மெசின்: வைக்கலாமா, கூடாதா?

இப்போது நம் தோட்டங்களில் சில வீடுகளுக்கு ஒரு புது மெசின் வந்திருக்கிறது. கொழும்பில் கடையில் நிற்கும் மகன் தீபாவளிக்கு வரும்போது வாங்கி வருகிறான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகள் பெட்டியில் வைத்து அனுப்புகிறாள். பார்த்தால் துவக்கு மாதிரி இருக்கும். பிடியைப் பிடித்து ஸ்விச்சை அமத்தினால் முன்னால் உள்ள உருண்டை டுர்ரென்று அடிக்கத் தொடங்கும். மசாஜ் கன் என்று பெயர். "இதைக் குறுக்கில வைக்கலாமா? பிரஷர்காரருக்கு ஆகுமா? அம்மாயிக்கு முழங்கால் வலி, அதுக்கு வைக்கலாமா?" என்று பலரும் கேட்கிறார்கள். கேட்பது நல்லதுதான். பெட்டிக்குள் வரும் தாளில் பெரும்பாலும் தமிழில் ஒரு வரியும் இருப்பதில்லை.

வலி நம் ஆட்களுக்குப் புதுசில்லை. காலையில் பிரட்டுக்களத்துக்குப் போய் மலை ஏறினால், கொழுந்து மடுவத்தில் நிறுத்துவிட்டு இறங்கும்வரை கால் சும்மா இருப்பதில்லை. சரிவில் நிற்கும்போது ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. கூடைக் கயிறு தலையில். அந்தப் பாரத்தைத் தாங்குவது பிடரியும் தோள்பட்டையும். 18 கிலோ, 20 கிலோ என்று கணக்கு இருக்கும்போது கை ஓய்வு கேட்டாலும் கொடுக்க முடியாது. கவ்வாத்துக்குப் போகிற ஆம்பளைகளுக்கு முன்கையும் குறுக்கும் பிடிக்கும். ஸ்டோரில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குக் கெண்டைக்கால். பொம்பளைகளோ காம்பராவுக்கு வந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்து, கடைசியில் படுக்கும்போதுதான் எங்கெங்கே வலிக்கிறது என்றே தெரிந்துகொள்கிறார்கள்.

இந்த வலிகள் எல்லாம் ஒரே வலி அல்ல. புதுசாகக் கவ்வாத்துக்குப் போன பொடியனுக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் கையைத் தூக்க முடியாமல் நோகும். பழக்கமில்லாத வேலையில் தசைநார்கள் மிக நுண்ணியதாகக் கிழிந்து, உடம்பு அதைத் திருத்தும்போது வரும் நோவு அது. மூன்று நான்கு நாளில் தானாகப் போய்விடும். தினமும் ஒரே வேலை செய்து இறுகிப்போன தசையின் வலி வேறு. மூட்டு தேய்ந்த வலி வேறு. முதுகெலும்புப் பக்கம் நரம்பு நசுங்கி, இடுப்பிலிருந்து கால் வழியாகக் கீழே இறங்கும் வலி வேறு. மசாஜ் மெசின் பேசுவது முதல் இரண்டு வலியோடு மட்டும்தான். அம்மாயியின் தேய்ந்த முழங்காலுக்கு அது மருந்தாகாது. முழங்கால் சிரட்டை மேல் வைத்தால் வலி கூடத்தான் செய்யும்.

இந்த மெசின் வந்த கதையையும் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் கைவைத்தியம் செய்யும் ஜேசன் வெர்ஸ்லண்ட் என்பவர் 2007இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டார். வலி தாங்காமல் ஒரு மின் கருவியை மாற்றி அமைத்துத் தன் உடம்பிலேயே வைத்துப் பார்த்தார். அதிலிருந்து வளர்ந்த மெசின் 2016இல் விற்பனைக்கு வந்தது. முதலில் விளையாட்டு வீரர்கள் வாங்கினார்கள். பிறகு மலிவான மெசின்கள் உலகம் முழுக்கப் பரவின.

உள்ளே இருப்பது ஒரு சின்ன மோட்டாரும் பெட்டரியும். மோட்டார் சுற்றுவதை ஒரு தண்டு முன்னும் பின்னுமான அடியாக மாற்றுகிறது. ஒரு அடியின் நீளம் மெசினைப் பொறுத்து சுமார் 8 முதல் 16 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் அடியிலிருந்து மூவாயிரம் அடிக்கு மேலும் போகும். வெறும் அதிர்வு என்று நினைக்க வேண்டாம். இது அடி.

அடித்தால் வலி ஏன் குறைகிறது? முழங்கை கதவில் இடித்தால் நாம் உடனே என்ன செய்கிறோம்? மற்றக் கையால் தேய்க்கிறோம். தேய்த்தால் கொஞ்சம் சுகம். தொடுதலும் அதிர்வும் கொண்டுபோகும் செய்தி, வலியின் செய்தி மூளைக்குப் போகிற வழியை முள்ளந்தண்டிலேயே கொஞ்சம் அடைத்துவிடுகிறது. மெல்சாக், வோல் என்ற இரண்டு அறிஞர்கள் 1965இல் இதை விளக்கி எழுதினார்கள். நம் பாட்டிமார் நல்லெண்ணெய் போட்டு நீவியதும் இதே வழியில்தான் சுகம் தந்தது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில் 16 ஆண்களின் கெண்டைக்காலில் 5 நிமிடம் இந்த மெசினை வைத்துப் பார்த்தார்கள். கணுக்கால் முன்பைவிட 5 பாகைக்குக் கொஞ்சம் கூடவே மடங்கியது. தசையின் பலம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆகவே இறுக்கம் தளரும், கொஞ்ச நேரம் வலி தணியும். "கட்டின ரத்தத்தைக் கரைக்கும்", "நரம்பை எடுத்துவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

வைப்பது எப்படி என்று பார்ப்போம். உருண்டைத் தலையைப் போடுங்க, கூரான தலையைப் பெட்டியிலேயே வச்சிடுங்க. எப்போதும் மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குங்க. சட்டைக்கு மேலே அல்லது மெல்லிய துணிக்கு மேலே வைப்பது நல்லது. அமத்தக் கூடாது. மெசினின் சொந்தப் பாரமே போதும். சதைப்பிடிப்பான இடத்தில் மெதுவாக நகர்த்திக்கொண்டே, ஓரிடத்துக்கு ஒரு நிமிடம், கூடினால் இரண்டு நிமிடம். கெண்டைக்கால், தொடை, புட்டம், தோளின் மேல் சதை, முன்கை ஆகிய இடங்களுக்குச் சரி. முதுகுக்கு என்றால் இன்னொருவர் பிடிக்க வேண்டும். நடு எலும்பில் படாமல் இரண்டு பக்கச் சதையில் மட்டும். சித்தாலேப பூசிய கையோடு மெசினையும் வைத்தால் தோல் கன்றிப்போகும். ஒன்றைச் செய்தால் மற்றதை விட்டுவிடுங்க. பொம்பளைகள் கூந்தலை முடிந்துகொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு வையுங்க. அடிக்கிற தண்டில் முடி சிக்கினால் வேரோடு இழுக்கும்.

கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் ஆகவே ஆகாது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அந்த வழியாகத்தான் போகின்றன. கழுத்தில் இதை வைத்துவந்த ஓர் இளம்பெண்ணுக்கு அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்ததாக அமெரிக்க வைத்தியர்கள் 2022இல் எழுதியிருக்கிறார்கள். கூடைக் கயிற்றால் பிடரி வலிக்கிறவர்களுக்கு இதை முக்கியமாகச் சொல்கிறோம். தோள் சதையோடு நிறுத்திக்கொள்ளுங்க, பிடரிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும். வயிறு, விலா, கம்புக்கூடு, கவட்டி, முழங்காலின் பின்குழி ஆகிய இடங்களுக்கும் வேண்டாம்.

நம் பெண்கள் கட்டாயம் கேட்க வேண்டிய சங்கதி ஒன்று. சீனாவில் சைக்கிள் ஓடிக் களைத்த ஒரு பெண்ணுக்கு அவளுடைய பயிற்சியாளர் தொடையில் இந்த மெசினைப் பிடித்தார். தொடை வலித்தது, உடம்பு சோர்ந்தது, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனது. தசை உடைந்து அதில் உள்ள பொருள் இரத்தத்தில் கலந்திருந்தது. அது சிறுநீரகத்தை அடைத்துப் பழுதாக்கக்கூடியது. ஆஸ்பத்திரியில் வைத்து வைத்தியம் செய்தார்கள். 2021இல் ஒரு வைத்தியச் சஞ்சிகையில் இது வெளிவந்தது. அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இரத்தச்சோகை இருந்தது, அதற்கு மருந்து எடுக்கவில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். இரத்தச்சோகைதான் காரணம் என்று ஒரே ஆளை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் கிளினிக்கில் "ரத்தம் குறைவு" என்று கேட்டுக் கேட்டுப் பழகிப்போன அக்காமார், தங்கச்சிமார் நம்மிடம் எத்தனை பேர்! அவர்கள் முதலில் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போட வேண்டும். (சோற்றோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்க. தேயிலைக்காரரிடம் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது.) மெசின் வைத்த பிறகு கண்டல் விழுந்தாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ, சிறுநீர் சாயத்தண்ணி மாதிரிப் போனாலோ, மறுபடி மெசினைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

காய்ச்சலோடு வரும் கால் வலி அதைவிட ஆபத்து. எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் தொட முடியாமல் நோகும். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத் தோட்டங்களில், வயலுக்கும் போகிறவர்கள், கானில் இறங்கி வேலை செய்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. டெங்குவிலும் எலும்பு முறிகிற மாதிரி உடம்பு வலிக்கும். "மலையில நனைஞ்சது, அதான் காய்ச்சல்" என்று சொல்லி மெசினை வைத்துக்கொண்டு இரண்டு நாளை வீணாக்கினால், எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைப் பிடித்துவிடும். காய்ச்சல் இருந்தால் மெசினும் வேண்டாம், நீவுதலும் வேண்டாம். வலிக்குப் பெனடோல் தவிர அஸ்பிரின், புரூபன் போன்றவற்றை நீங்களாகப் போடாதீங்க. டெங்குவாக இருந்தால் அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அதன்மேல் அடித்தால் உறைந்த கட்டி கழன்று நெஞ்சுக்குப் போய்விடலாம். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்ற புதிதில் உள்ளவர்களுக்கும் இப்படி உறைவது கூடுதல். அவர்கள் காலிலும் வயிற்றிலும் இடுப்பிலும் மெசினை வைக்கவே வேண்டாம், மருத்துவமாதுவிடம் காட்டுங்க. காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும் இடத்திலும் வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள், எலும்பு முறிந்து ஒட்டியவர்கள், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டொக்டரையாவைக் கேட்காமல் தொடக்கூடாது. சீனி வருத்தத்தில் பாதம் மரத்தவருக்கு அடி பலமாக விழுவதே தெரியாது, அதனால் பாதத்தில் வைக்காதீங்க. பிரஷர்காரர் மருந்து எடுத்துக் கட்டுப்பாட்டில் இருந்தால் கை கால் சதையில் மெதுவாக வைக்கலாம்.

குறுக்கு வலியோடு கால் மரத்துப் போனால், காலில் பலம் குறைந்தால், சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. நெஞ்சு இறுகி இடது தோளுக்கும் கைக்கும் வலி பரவி வியர்த்தால் அது தசைப்பிடிப்பு என்று நினைத்து மெசினைத் தேடாதீங்க. 1990க்கு அடித்து அம்பியூலன்சைக் கூப்பிடுங்க. காசு கேட்க மாட்டார்கள். தோட்டத்தின் பெயரோடு டிவிசனையும், வண்டி வரக்கூடிய பாதையையும் சொல்ல வேண்டும்.

பெட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் இருப்பது லித்தியம் பெட்டரி, கைத்தொலைபேசியில் உள்ளதைப் போன்றது. இரவு முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். மெத்தை மேலோ துணி மேலோ வைத்துச் சார்ஜ் போட வேண்டாம். கூடவே வந்த வயர் பழுதானால் கண்ட சார்ஜரையும் மாட்ட வேண்டாம். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு கூரை வழியாக வரிசை முழுவதும் போனதை நாம் பார்த்திருக்கிறோம். பெட்டரி உப்பினால், கீழே விழுந்த பின் சூடானால், நிறுத்திவிடுங்க. பழைய பெட்டரியை அடுப்பிலோ குப்பை நெருப்பிலோ போட்டால் வெடிக்கும்.

மெசின் இல்லாத வீட்டுக்காரர் அதற்காகக் கடன்பட வேண்டியதில்லை. பல நாள் பேருக்கான காசு அது. கல்லுப்பை இரும்புச் சட்டியில் வறுத்து, தடித்த துணியில் முடிந்து, முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பாருங்க. பொறுக்கும் சூட்டில் தோளிலும் குறுக்கிலும் பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுங்க. பிறகு சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் பட அரை நிமிடம் நில்லுங்க. மற்றக் காலுக்கும் அப்படியே. கெண்டைக்கால் இறுக்கத்துக்கு இது போதும். சுளுக்கி வீங்கிய புதிதில் மட்டும் சூடு வேண்டாம், முதல் இரண்டு நாளும் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் போடுங்க. சீனி வருத்தக்காரரின் பாதத்தில் உப்பு ஒத்தடமும் கொடுக்காதீங்க. சூடு தெரியாமல் தோல் வெந்து புண்ணாகிவிடும்.