கோர்ட்டுப் படிக்கட்டு - 11: அந்த அரை வயது

திண்டிவனம் முன்சீப் கோர்ட்டின் பாகப்பிரிவினை வழக்குகளோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். தென்னார்க்காடு 1993-ல் இரண்டானபோது விழுப்புரத்தின் பங்குக்கு வந்தது என்ன என்பது அதற்கு முந்தைய வாரம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இவ்வளவு போதும். இந்த வாரம் தமிழில் எழுதப்படும் தீர்ப்புகளின் கதை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் ஓர் எண் குறுக்கே படுத்துக்கொண்டு வழிவிட மறுக்கிறது. 58½. மாவட்ட நீதிபதி ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியுமா முடியாதா என்று சொல்லும் எண் அது. அந்த அரையை ஒரு கை பார்க்காமல் மேலே நகர்வதாக இல்லை.

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அனுமதிக்கப்பட்ட நீதிபதி இடங்கள் 75. நடைமுறையில் இவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வழக்கறிஞர்களுக்கு. மீதி 25 இடங்கள் மாவட்ட நீதிபதிகளாகப் பணியில் இருப்பவர்களுக்கு. அரசியல் சட்டத்தின் 217-வது பிரிவு இந்தப் பங்கீட்டைப் பற்றி மூச்சே விடுவதில்லை. பத்து ஆண்டு நீதித்துறைப் பணி அல்லது பத்து ஆண்டு உயர் நீதிமன்ற வழக்கறிஞர் அனுபவம் என்பதோடு முடித்துக்கொள்கிறது. 62-ல் ஓய்வு என்பது அதில் உண்டு. எத்தனை வயதுக்குள் தேர்வாக வேண்டும் என்பது இல்லை. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் தன் வழக்கத்தில் வைத்திருக்கும் வரம்புதான் இந்த 58½. அந்த வயதை எந்த நாளில் கணக்குப் பார்க்கிறார்கள்? இடம் காலியான நாளில். இங்கேதான் வேடிக்கை ஆரம்பம். விழுப்புரத்தில் முதன்மை மாவட்ட நீதிபதியாக இருப்பவர் இத்தனை வருடம் என்ன தீர்ப்பு எழுதினார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சென்னையில் மாவட்ட நீதிபதிகளின் பங்கில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எந்த மாதத்தில் பிறந்தார் என்பது இவருடைய தலையெழுத்து. அவர் மார்ச்சில் ஓய்வு பெற்றால், இவருக்கு அன்றைக்கு 58 வருடம் 4 மாதம் என்று வையுங்கள், இவர் உள்ளே. அதே மனிதர் ஜூலையில் பிறந்திருந்தால் இவருக்கு 58 வருடம் 8 மாதம்; இவர் வெளியே. கோப்பு எங்காவது தூங்கினால் தகுதி போய்விடாது, ஏனென்றால் கணக்கு காலியான நாளோடு நின்றுவிட்டது. ஆனால் பதவிக்காலம் கரைந்துகொண்டே இருக்கும். 58-ல் காலியான இடத்துக்கு 59½-ல் பதவியேற்பவருக்கு மிச்சம் இரண்டரை வருடம். அதில் முதல் இரண்டு வருடம் பொதுவாகக் கூடுதல் நீதிபதி என்ற பெயரில் போய்விடும். நிரந்தர நீதிபதி ஆன கையோடு வழியனுப்பு விழாவுக்கு நாள் குறிக்க வேண்டியதுதான். கிடைக்காதவருக்கோ மாவட்டப் பணியில் 60 வயது வரை நாற்காலி உண்டு. அதாவது, இனி மேலே போகப்போவதில்லை என்று திட்டவட்டமாகத் தெரிந்த பிறகும் ஒன்றரை வருடம் கொலை வழக்கும் நில வழக்கும் விசாரிக்க வேண்டும்.

இந்தக் கூத்துக்கு மக்களே ஓட்டுப் போட்டு நீதிபதியைத் தேர்ந்தெடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் 2025 ஏப்ரல் 1-ம் தேதி அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். மாநில உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம், பத்து ஆண்டு பதவி. போட்டியிட்ட இருவருமே விசாரணை நீதிமன்ற நீதிபதிகள்: டேன் கவுன்டியைச் சேர்ந்த சூசன் கிராஃபோர்ட், வாக்கெஷா கவுன்டியைச் சேர்ந்த பிராட் ஷிமல். நம் கணக்கில் விழுப்புரம் மாவட்ட நீதிபதியும் கடலூர் மாவட்ட நீதிபதியும் ஊர் ஊராக ஓட்டுக் கேட்டு வருவது மாதிரி. இந்த ஓர் இடத்துக்கு இரு தரப்பிலுமாகச் செலவானது ஏறத்தாழ 10 கோடி டாலர். ஷிமலை ஆதரித்த ஈலான் மஸ்க், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் மேடையிலேயே இருவருக்கு ஆளுக்குப் பத்து லட்சம் டாலர் காசோலை கொடுத்தார். ஜெயித்தது கிராஃபோர்ட். ஆகவே பணம் தோற்றது என்று ஆறுதல் அடைய வழியில்லை. இரு பக்கமும் பணம் இருந்தது. அதே ஆண்டு ஜூன் 1-ல் மெக்சிகோ தன் நீதிபதிகளை முதல்முறையாக ஓட்டுப்பெட்டிக்கு அனுப்பியது. வந்து வாக்களித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 13 பேர். தேர்தல் வேண்டாம் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

ஆனால் அதிலிருந்து, நம் ஊரில் நீதிபதிகளுக்குப் பிரசாரமே கிடையாது என்ற முடிவுக்குத் தாவுவதை ஏற்க முடியாது. பிரசாரம் இங்கேயும் நடக்கிறது. மைக் கிடையாது, சுவரொட்டி கிடையாது. வாக்காளர்கள் சென்னையில் மூன்று பேர், டெல்லியில் மூன்று பேர். உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அடுத்த இரு மூத்த நீதிபதிகளும் பெயரை எழுதுகிறார்கள். மாநில அரசின் கருத்து, உளவுத்துறை அறிக்கை எல்லாம் சேர்ந்து உச்ச நீதிமன்றக் கொலீஜியத்துக்குப் போகிறது. அந்த ஆறு பேருக்கும் இவரைத் தெரிவிப்பது ஒரு கோப்பு. அந்தக் கோப்பு எப்படி நிரம்புகிறது என்பதைத் திண்டிவனத்தில் இருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். காலை பத்தரைக்கு டவாலி பெயர் கூப்பிட, பெஞ்ச் கிளார்க் கட்டுகளை அடுக்கிவைக்க, கால் ஒர்க் தொடங்குகிறது. மாதம் முடிந்தால் எத்தனை வழக்கு முடித்தோம் என்ற கணக்கு மேலே போக வேண்டும். வழக்கின் வகையைப் பொறுத்து அதற்கு யூனிட் உண்டு. அண்ணன் தம்பி மூன்று பேருக்குள் ஆறு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லையைப் பிரிக்கும் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மூலப்பத்திரம், உயில், சர்வேயரோடு போய் அளந்து வரும் கமிஷனர் அறிக்கை, இடையில் ஒருவர் இறந்து வாரிசுகளைச் சேர்ப்பது, முதல்நிலைத் தீர்ப்பாணை, அப்புறம் இறுதித் தீர்ப்பாணை. வருடக்கணக்கில் வேலை. எதிர்த்தரப்பு வராததால் ஒருதலைப்பட்சமாக முடியும் பணப்பாக்கி வழக்கோ ஒரே மத்தியானத்தில் தீரும். யூனிட் கணக்கு இந்த வித்தியாசத்தை ஓரளவு கவனிக்கிறது, முழுக்கக் கவனிக்க அதனால் முடியாது. எந்தக் கட்டை இன்றைக்கு எடுப்பது, எதற்கு வாய்தா போடுவது என்று ஒவ்வொரு காலையும் முடிவெடுக்கும் மனிதருக்கு மேலே ஒரு கண் போவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? மாவட்ட நீதிபதியின் இடமாற்றம், கீழ்நிலை நீதிபதியின் பதவி உயர்வு, ரகசியக் குறிப்பு எல்லாமே 235-வது பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தின் கையில். அரசாங்கத்திடம் இருந்து நீதிபதியைக் காப்பாற்ற எழுதிய நல்ல பிரிவு அது. உயர் நீதிமன்றத்திடம் இருந்து அவரைக் காப்பாற்ற எந்தப் பிரிவும் எழுதப்படவில்லை.

விழுப்புரமே இதற்கு இரண்டு சாட்சி தருகிறது. சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த ராஜேஷ் தாஸ் மீது 2021 பிப்ரவரியில் பெண் எஸ்.பி. ஒருவர் கொடுத்த பாலியல் தொல்லைப் புகார், விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் மன்றத்தில் விசாரிக்கப்பட்டது. 2023 ஜூன் 16-ல் மூன்று ஆண்டு சிறைத் தண்டனை. மாநிலக் காவல் துறையின் உச்சியில் இருந்தவருக்குத் தண்டனை எழுதியது, நீதித்துறை ஏணியில் மாவட்ட நீதிபதிக்கும் கீழே நிற்கும் ஒரு பதவி. மேல்முறையீட்டை வேறு ஊருக்கு மாற்றச் சொன்ன மனுவை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஏற்கவில்லை. பிப்ரவரி 12-ல் விழுப்புரம் மாவட்ட நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. ஊரை விட்டு வழக்கு போகவில்லை. இரண்டாவது சாட்சி நேர் எதிர். தி.மு.க. அமைச்சராக இருந்த பொன்முடி மீதான சொத்துக் குவிப்பு வழக்கு விழுப்புரத்தில் இருந்து வேலூருக்குப் போனது, உயர் நீதிமன்றத்தின் நிர்வாகப் பிரிவு கொடுத்த ஒப்புதலில். 2023 ஜூன் 28-ல் விடுதலை. ஆகஸ்டில் அதே உயர் நீதிமன்றத்தின் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தாமாக முன்வந்து அந்த விடுதலையை மறு ஆய்வுக்கு எடுத்தபோது, வழக்கு ஊர் மாறிய விதத்தையே கேள்வி கேட்டார். உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. வழக்கின் சரி தப்பு இந்தத் தொடரின் வேலை இல்லை. வழக்கைத் திறந்த கோர்ட்டில் வாதம் கேட்டு நகர்த்த மறுத்ததும் உயர் நீதிமன்றம், நிர்வாகக் கோப்பில் நகர்த்தியதும் உயர் நீதிமன்றம். முதலாவதில் காரணம் எழுதிய உத்தரவு கிடைக்கிறது. இரண்டாவதில் காரணம் தெரிய இன்னொரு நீதிபதி கோபப்பட வேண்டியிருந்தது. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை இந்த இரண்டாவது வழியில்தான் நடக்கிறது என்பது என் வழக்கு.

வயது வரம்பு யாரை வடிகட்டுகிறது என்று பார்த்தால் இது இன்னும் துலங்கும். சிவில் நீதிபதியாக, அதாவது பழைய முன்சீப்பாக நுழைபவர் முதுநிலை சிவில் நீதிபதியாகி, பிறகு மாவட்ட நீதிபதியாகும்போதே நடுவயது தாண்டிவிடும். ஏழு ஆண்டு வழக்கறிஞர் தொழில் செய்துவிட்டு நேரடித் தேர்வில் வருபவர் மாவட்ட நீதிபதியாகவே உட்காருகிறார். ஊத்தங்கரையில் பிறந்த ஆர். பானுமதி 1988-ல் அப்படி நேரடியாக வந்தவர். புதுக்கோட்டையில் சாமியார் பிரேமானந்தா மீதான வழக்கை விசாரித்து, ராம் ஜேட்மலானியின் வாதத்தையும் கேட்டு, 1997 ஆகஸ்டில் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். அது உச்ச நீதிமன்றம் வரை நின்றது. 2003-ல் உயர் நீதிமன்றம் போனபோது அவருக்கு வயது 47. அதனால்தான் ஜார்க்கண்ட் தலைமை நீதிபதி, 2014-ல் உச்ச நீதிமன்றம் என்று ஏற முடிந்தது. அதே திறமையோடு முன்சீப்பாக நுழைந்த ஒருவர், அதே தீர்ப்பை எழுதியிருந்தாலும், அந்த வயதில் சப்-கோர்ட்டைத் தாண்டியிருப்பது அபூர்வம். (வெள்ளைக்காரன் காலத்தில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. 1856-ல் தரங்கம்பாடி முன்சீப்பாக இருந்த தி. முத்துசாமி ஐயர் ஐம்பது வயதைத் தொடும் முன்பே சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. அவரைப் பற்றித் தனியாக ஒரு வாரம் ஒதுக்க வேண்டும். ஆசிரியர் கோபிக்காமல் இருந்தால்.) சிவில் நீதிபதிகளாக நுழைந்தவர்களின் இந்த ஆதங்கம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை போயிற்று. 2025 நவம்பரில் அந்த அமர்வு, அவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு தர முடியாது, சீனியாரிட்டிக்கு ஆண்டுதோறும் நான்கு புள்ளிச் சுழற்சி போதும் என்று சொல்லிவிட்டது. மாவட்ட நீதிபதி ஆன பிறகு எந்த வாசல் வழியாக வந்தார் என்று பார்க்கக் கூடாது என்பது அதன் தர்க்கம். தர்க்கம் சரி. ஆனால் வாசலைப் பார்க்காத கண்ணுக்குப் பிறந்த தேதி மட்டும் எப்படித் தெரிகிறது?

என் கோரிக்கை சின்னது. கோப்பைத் திறக்க வேண்டும். இது நடக்காத காரியம் என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டு நீதிபதிகளை வைத்தே ஒரு முறை நடந்திருக்கிறது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றக் கொலீஜியம் தன் தீர்மானங்களை இணையத்தில் போட முடிவு செய்தபோது, முதலில் வெளிவந்தவற்றில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கான மாவட்ட நீதிபதிகள் பட்டியலும் ஒன்று. எஸ். ராமதிலகம், ஆர். தாரணி, பி. ராஜமாணிக்கம், டி. கிருஷ்ணவள்ளி, ஆர். பொங்கியப்பன், ஆர். ஹேமலதா என்று ஆறு பேர். அதில் நால்வர் பெண்கள். தீர்ப்புகளை மதிப்பிடும் குழு என்று ஒன்று இருப்பதும், அது தரம் போடுவதும், அதைக் கொலீஜியம் பார்ப்பதும் வெளியே இருந்தவர்களில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதே தீர்மானத்தில் இருவர் மறுக்கப்பட்டிருந்தார்கள், பெயரோடு. எதிர்ப்பும் அங்கிருந்தே கிளம்பியது: மறுக்கப்பட்டவர் மறுநாள் காலை அதே நாற்காலியில் உட்கார்ந்து தண்டனை எழுத வேண்டுமே, எதிரில் நிற்பவர் அவரை எப்படிப் பார்ப்பார்? நியாயமான கேள்வி. பின்னால் தீர்மானங்கள் காரணம் இல்லாமல் சுருங்கிய காலத்துக்கு இதுவும் ஒரு சாக்கு. ஆனால் இந்தக் கேள்வி மறுக்கப்பட்டவர்களின் பெயரை மறைக்கச் சொல்கிறதே தவிர, தேர்வானவர்களின் தீர்ப்புத் தரத்தையும், அளவுகோலையும், வயது வரம்பைத் தளர்த்தினால் அதன் காரணத்தையும் மறைக்கச் சொல்லவில்லை. அளவுகோல் தெரிந்துவிட்டால் நீதிபதிகள் அதற்காகவே தீர்ப்பு எழுதுவார்கள் என்று இன்னொரு தரப்பு சொல்லும். எழுதட்டுமே. சாட்சியை ஒழுங்காக அலசி, சட்டத்தைச் சரியாகப் பொருத்தி, காரணத்தைத் தெளிவாகச் சொல்வதுதான் அளவுகோல் என்றால் அதற்காக எழுதுவதில் மல்லாட்டைக் கொல்லைக்காரருக்கு என்ன நஷ்டம்? மேல்முறையீட்டில் எத்தனை தீர்ப்பு நின்றது என்ற ஒற்றைக் கணக்கை மட்டும் அளவுகோல் ஆக்கக் கூடாது. விசாரணை நீதிபதி தன் முன் நிற்கும் சாட்சியை விட்டுவிட்டு, மேலே இருப்பவரின் மனம் எப்படிப் போகும் என்று ஊகித்து எழுத ஆரம்பிப்பார்.

அந்தக் குழு தீர்ப்புகளைப் படிக்கிறது என்றேன். 1976-ல் திருத்தப்பட்ட ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் தீர்ப்பு எழுதலாம். பலர் எழுதுகிறார்கள், கொலை வழக்கு உட்பட. சென்னையில் மூன்று பேருக்கும் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி இல்லை. தலைமை நீதிபதி பெரும்பாலும் வெளி மாநிலத்தவர். டெல்லி மூவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திண்டிவனத்திலும் செஞ்சியிலும் தமிழில் எழுதும் நீதிபதியின் கோப்பில் அந்தத் தீர்ப்பு எந்த உருவத்தில் போகிறது, யார் மொழிபெயர்க்கிறார்கள், உயர்வு வேண்டும் என்பவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்களா என்பதெல்லாம் அடுத்த வாரம். இந்த முறை நிச்சயம்.

(தொடரும்)