கல்லறையில் க்யூஆர் கோடு: எத்தனை வருஷம் தாங்கும்?

சேலம் டீக்கடை, நாமக்கல் முட்டைக்கடை என எங்கு போனாலும் க்யூஆர் கோடு. கல்லறைக்கும் அது வந்தாச்சு. கேரளாவில் திருச்சூரை ஒட்டிய குரியச்சிறை தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில், 2021-ல் இறந்த இளம் மருத்துவர் ஒருவரின் கல்லறையில் குடும்பத்தினர் கோடு பதித்தது 2023-ல் செய்தியானது. ஸ்கேன் செய்தால் அவருடைய படங்களும் வீடியோக்களும் திறக்கும். ஜப்பானில் 2008-லேயே இப்படிப்பட்ட கல்லறைகள் விற்பனைக்கு வந்துவிட்டன.

நமக்கு இது புதுசா?

இல்லை. 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த தருமபுரிப் பகுதியில், ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. எந்த அரசன் காலம், எந்தச் சண்டை, இறந்தவன் யார் என்பதெல்லாம் கல்லிலேயே இருக்கும். மாடு பிடிக்க வந்தவர்களோடு மோதி இறந்தவனின் உருவமும் இருக்கும்.

கோடுக்குள் என்ன இருக்கு?

வீடியோ இல்லை. ஒரு க்யூஆர் கோடில் 3 கேபி அளவுகூட அடங்காது. அதில் இருப்பது இணைய முகவரி மட்டும்தான். உயர்ந்த திருத்த அளவில் உருவாக்கினால், சுமார் 30 சதவீதம் சேதமானாலும் ஸ்கேன் ஆகும். ஆனால் முகவரி செத்துப்போனால், கல் நல்லா இருந்தும் பயனில்லை.

எப்படிச் சாகும்?

டொமைனுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டால் போச்சு. கோடு கொடுத்த நிறுவனம் மூடினாலும் அதே கதி. 2 ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கலாம். டிரைவ், போட்டோஸில் உள்ளதும் சேர்ந்தே போகும்.

செய்யும் முன் கவனிங்க

* கருப்பு கிரானைட்டில் வெள்ளைக் கோடு செதுக்கினால் சில போன்கள் படிக்காது. வெளிர் பின்னணியில் கருப்புக் கோடே நல்லது. சுற்றிலும் வெற்றிடம் விடுங்க.
* ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துவிடும். உலோகத் தகட்டில் பொறிக்கலாம்.
* போன் எண், ஆதார், வீட்டு முகவரி வேண்டாம். வழிப்போக்கரும் ஸ்கேன் செய்வார்.
* படங்களின் நகலை வீட்டில் இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்க.
* உங்கள் கூகுள் கணக்கின் ‘இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ பகுதியில் 10 பேர் வரை நியமிக்கலாம். இதை உயிரோடு இருக்கும்போதே செய்யணும்.

முக்கியமாக, பெயரையும் ஊரையும் தேதியையும் கல்லிலேயே செதுக்கச் சொல்லுங்க. லிங்க் போனாலும் பேரப்பிள்ளைகள் அதைப் படிப்பார்கள்.