இசைத்தட்டுச் சேகரிப்பு

கிராமபோன் காலம் முதல் வினைல் காலம் வரை வெளிவந்த தட்டுகளைத் தேடி வாங்கி, கேட்டு, பாதுகாப்பது இசைத்தட்டுச் சேகரிப்பு. தமிழில் இது பெரும்பாலும் சினிமாப் பாட்டு ரசிகர்களின் பொழுதுபோக்காகவே பேசப்படுகிறது. சினிமாப் பாட்டு எப்படியும் பிழைத்துக்கொள்ளும். வானொலி, கேசட், இணையம் என்று அதற்குப் பல வீடுகள் உண்டு. திரைக்கு வெளியே பாடப்பட்ட பலவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

செங்கோட்டையில் 1906-இல் பிறந்த நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல், 27 வயதில் மறைந்தார். எந்தப் பேசும்படத்திலும் அவர் நடிக்கவில்லை. அவர் குரலாக இன்று எஞ்சியிருப்பவை தட்டுகள் மட்டுமே. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடம் ஓடும். மேடையில் 'ஒன்ஸ்மோர்' கேட்கக் கேட்க நீண்ட பாட்டு, தட்டில் அவசரமாக முடிந்துவிடுகிறது.

கிட்டப்பா எத்தனை கட்டைச் சுருதியில் பாடினார் என்று ரசிகர்கள் வாதிடுவதுண்டு. இந்த வாதத்தில் தட்டின் வேகத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அக்காலத் தட்டுகளை '78 சுற்று' என்று சொன்னாலும், எல்லாம் சரியாக அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. 78 சுற்றில் ஓட வேண்டிய தட்டு 82, 83 சுற்றில் ஓடினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். குரலும் மெலிந்து இளமையாகக் கேட்கும். இணையத்தில் கிடைக்கும் ஒரே பதிவை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. தட்டு கையில் இருந்தால்தான் வேகத்தை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

நாஞ்சில் நாட்டில் தட்டுகள் வசதியான வீடுகளில் மட்டும் இருந்தவை அல்ல. ஆரல்வாய்மொழி, தோவாளை வட்டாரத்து ஊர்களில் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் குழாய் ஒலிபெருக்கி கட்டிய மைக் செட்காரர்களிடமும் தட்டுப்பெட்டிகள் இருந்தன. 1980களில் கேசட் பரவியதும் அவை பரணேறின. தேடுகிறவர் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அதுதான். கீறல் நிறைய இருக்கும். ஆனால் ஓர் ஊர் எதைக் கேட்டது என்பதை அந்தப் பெட்டி சொல்லிவிடும்: ஒழுகினசேரிக்காரரான என். எஸ். கிருஷ்ணனின் நகைச்சுவைப் பாட்டு, நாகூர் ஹனிபாவின் இஸ்லாமியப் பாடல்கள், 'திருவிளையாடல்' (1965) வசனத் தட்டு.

இதே வரிசையில் வைக்க வேண்டியது இலங்கையின் பொப்பிசை. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் பைலா தாளத்தில் பாடிய தமிழ்ப் பாட்டுகள், சினிமாவின் துணையில்லாமலே கடல் கடந்து பரவின. 1970களின் தமிழ் இளைஞர்களுக்கு மாற்று இசை என்றால் அதுதான். அவற்றின் சிறிய 45 சுற்றுத் தட்டுகள் கண்ணில் பட்டால் விடக்கூடாது.

பராமரிப்பில் ஒரு தவறு மீளமுடியாதது. 78 சுற்றுத் தட்டுகளில் பெரும்பாலானவை அரக்குக் கலவையால் ஆனவை. ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் அரக்கு கரையும், பாட்டும் போய்விடும். வினைல் தட்டுக்கு வெயில்தான் எதிரி, நெளிந்துவிடும். இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் தாள் உறைகளில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும். இரண்டு வகைத் தட்டுகளையும் நிமிர்த்தி வைப்பதே நல்லது. அடுக்கிப் படுக்கவைத்தால் அடித்தட்டு பாரம் தாங்காது. ஊசியும் ஒன்றல்ல: 78 சுற்றின் பள்ளம் அகலமானது, அதற்கு வினைல் ஊசியைவிடப் பருமனான ஊசி வேண்டும்.

இந்தியச் சேகரிப்பாளர்களுக்கென 1990-இல் மும்பையில் ஒரு சங்கம் உருவானது. அதன் இதழ், தட்டுகளின் எண்களைப் பட்டியலிடுவதில் மிகுந்த கவனம் செலுத்தியது. வெளியாருக்கு இது வீண்வேலையாகத் தோன்றலாம். ஆனால் பாடகர் பெயர் அழிந்த லேபிளிலும், லேபிளை ஒட்டிய வெற்றுப் பரப்பில் பொறித்த எண் பெரும்பாலும் அழிவதில்லை. தட்டைக் கணினியில் பதியும்போது அந்த எண்ணையும், ஓட்டிய வேகத்தையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்து எழுதிவிட வேண்டும்.