எலி வளை வெட்ட எந்த மண்வெட்டி?

"கோடையில் வரப்பில் எலி வளை வெட்டும்போது, வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத மண்வெட்டி, காம்பு மாட்டும் வளையத்தின் அடியில் பிய்ந்து வந்துவிட்டது. போன ஆண்டு வாங்கியது வாய் மடங்கிப் போனது. உழைக்கிற மண்வெட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது?" என்று திருவாரூர் மாவட்ட வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டு மண்வெட்டியும் வீணானது ஒரே வேலையில்தான். ஆனால் காரணம் வேறு வேறு. வாய் மடங்கியது இரும்பின் குறை. வளையம் பிய்ந்ததில் இரும்புக்குப் பாதிப் பங்கு, வெட்டிய முறைக்குப் பாதிப் பங்கு.

டெல்டாவின் களிமண் சித்திரை வெயிலில் பாறைபோல இறுகிவிடும். அந்த மண்ணில் மண்வெட்டியை ஓங்கி இறக்கி, காம்பைப் பிடித்து நெம்புவதுதான் பலரின் வழக்கம். மண்வெட்டி வெட்டுவதற்கும் இழுப்பதற்கும் செய்யப்பட்ட கருவி, நெம்புவதற்கு அல்ல. நெம்பும்போது முழு பலமும் அலகும் வளையமும் சேரும் இடத்தில்தான் விழுகிறது. எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்த இடம் ஒரு நாள் விட்டுக்கொடுத்துவிடும். அதனால் எலி வளைக்கு இரண்டு கருவி வேண்டும். மண்ணை உடைக்கவும் பெயர்க்கவும் கடப்பாரை, உடைந்த மண்ணை இழுத்துத் தள்ள மண்வெட்டி. செங்கல்பட்டு, திருவள்ளூர் பகுதி இருளர்கள் தலைமுறையாக எலி பிடிப்பவர்கள். அவர்கள் கையில் முதலில் இருப்பது கடப்பாரைதான். வளை போகும் திசையைக் கடப்பாரை முனையால் குத்திப் பார்த்து, தேவையான இடத்தில் மட்டும் திறப்பார்கள். வரப்பு முழுவதையும் புரட்டிப் போடுவதில்லை.

இந்த வேலைக்குக் கடப்பாரை நீளமாக இருக்க வேண்டியதில்லை. குனிந்தும் உட்கார்ந்தும் வேலை செய்ய மூன்றடி போதும். ஒரு முனை கூர்மையாகவும் மறு முனை உளிபோலத் தட்டையாகவும் இருந்தால் இரண்டு வேலைக்கும் ஆகும்.

கடையில் பார்க்க வேண்டியது

மண்வெட்டிக்குப் பூசியிருக்கும் வண்ணத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. வண்ணம் துருவைத் தடுக்கும், வெடிப்பையும் மறைக்கும். வளையத்தைச் சுற்றி, முக்கியமாக அது அலகோடு சேரும் உட்புறத்தில், நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். மெல்லிய கோடு தட்டுப்பட்டால் அதை ஒதுக்கிவிடலாம். அலகையும் வளையத்தையும் தனித்தனியாகச் செய்து வெல்டிங் வைத்து ஒட்டியவை விலை குறைவு. சேறு இழுக்கவும் எரு அள்ளவும் அவை போதும். கடினத் தரைக்கு, ஒரே இரும்பிலிருந்து காய்ச்சி அடித்து வளையம் எடுத்தவையே நிற்கும். அலகின் கனமும் எங்கும் ஒன்றுபோல இருக்கக் கூடாது. வளையத்தின் பக்கம் தடித்து, வாய்ப் பக்கம் போகப் போக மெலிந்திருக்க வேண்டும். ஒரே கனமுள்ள தகட்டை வெட்டி வளைத்த மண்வெட்டியைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது ஓசை. காம்பு போடாத மண்வெட்டியை ஒரு விரலில் தொங்கவிட்டு, சிறு கல்லால் அலகில் தட்டினால் கணீரென்று ஓசை வந்து கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 'டொக்' என்று அடங்கினால் உள்ளே வெடிப்பு இருக்கலாம், ஒட்டு சரியில்லாமல் இருக்கலாம். சட்டி பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் செய்கிற அதே சோதனைதான்.

வாயின் கடினத்தை அறிய அரம் வேண்டும். கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சிறு அரம் இருக்கட்டும். வாயின் ஓரத்தில் மெதுவாக ஒரு இழுப்பு. அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் அது வெறும் பச்சை இரும்பு, ஒரு கல் பட்டாலே மடங்கும். அரம் பிடிக்கவே பிடிக்காமல் கண்ணாடியில் போவதுபோல வழுக்கினால் அளவுக்கு மீறிக் கடினமாகிவிட்டது, கல் பட்டால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கொஞ்சம் சிரமப்பட்டு இறங்குவதே சரியான பதம். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பார்க்கலாம்.

ஊரில் நல்ல கொல்லர் இருந்தால் கடைக்கே போக வேண்டியதில்லை. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் அடித்த மண்வெட்டி பெரும்பாலான கடைச் சரக்கைவிட நன்றாக உழைக்கும். அந்த எஃகு வளைந்து நிமிர்வதற்கென்றே செய்யப்பட்டது. வாய்ப் பகுதியை மட்டும் சிவக்கக் காய்ச்சித் தோய்த்து, பிறகு இலேசாகச் சூடு காட்டிப் பதம் இறக்கித் தரச் சொல்ல வேண்டும். முழு அலகையும் தோய்த்தால் உடையும்.

எலி வளைக்கு அகலமான அலகு வேண்டாம். வாய்க்கால் வெட்டும் பெரிய மண்வெட்டி ஒரு இழுப்பில் அதிக மண் எடுக்கும். கூடவே நல்ல வரப்பையும் தின்றுவிடும். இங்கிலாந்தில் குழிமுயல் வளை தோண்டுகிறவர்கள்கூட ஒடுங்கி நீண்ட அலகுள்ள மண்வாரியைத்தான் எடுத்துப் போகிறார்கள். தலை மட்டும் ஒன்றேகால் கிலோ அளவில், அகலம் குறைந்து, வாய் சற்றே வளைந்திருப்பது நமக்குப் போதும். காம்பின் பக்கம் அலகு கொஞ்சம் உள்வாங்கிச் சாய்ந்திருந்தால் வெட்டு ஆழமாக இறங்கும்.

(முயல் என்றதும் ஒரு வார்த்தை. நம் ஊர்க் காட்டு முயல் வளை தோண்டி வாழ்வதில்லை, புதர் நிழலிலேயே படுக்கும். அதைப் பிடிப்பதும், உடும்பை வளையிலிருந்து தோண்டி எடுப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எலி வெட்டப் போன இடத்தில் உடும்பு வந்தால் விட்டுவிட வேண்டும்.)

காம்புதான் பாதி மண்வெட்டி

நல்ல தலையை வாங்கி, கையில் கிடைத்த பச்சைக் கொம்பைச் செருகி, ஆட்டம் கண்டால் சாக்குக் கிழிசலைச் சுற்றி அடிக்கிறோம். பச்சை மரம் காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் தலை கழலும். ஓங்கும்போது கழன்று பறந்த மண்வெட்டித் தலை, எதிரே நின்றவர் காலைப் பதம் பார்த்த கதை இல்லாத ஊர் இல்லை. கருவேலமோ முற்றிய புளியோ நிழலில் பல மாதம் காய்ந்ததாக இருக்க வேண்டும். மரத்தின் ரேகை காம்பின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும், வளையத்துக்குள் போகும் இடத்தில் கணு இருக்கவே கூடாது. காய்ந்த மரத்தில் செய்த ஆப்பை அடித்து இறுக்க வேண்டும். தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவது அன்றைக்கு மட்டும்தான். வளை வெட்ட இரண்டரை அடிக் காம்பு போதும்.

இன்னொரு தவறும் எங்கும் நடக்கிறது. காம்பு வளையத்துக்குள் முறிந்துவிட்டால் மண்வெட்டியை அப்படியே நெருப்பில் போட்டு மரத்தை எரித்து எடுக்கிறார்கள். கொல்லர் கொடுத்த பதம் அந்த நெருப்பிலேயே போய்விடும். துளையிட்டும் உளி வைத்துத் தட்டியும்தான் எடுக்க வேண்டும். மின் சாணையில் வாய் நீலம் பாயும்வரை தேய்ப்பதும் இதே கெடுதலைத்தான் செய்யும். அரத்தால் தீட்டுவது மெதுவான வேலை என்றாலும் அதுவே நல்லது. சாணைதான் என்றால் அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும்.

எப்போது, எப்படி வெட்டுவது

வயலில் பயிர் இல்லாத கோடையில் எலிகள் வரப்பை விட்டு அதிகம் நகராது. ஒரு கோடை மழை பெய்து மண் இளகிய இரண்டாம் மூன்றாம் நாள் வெட்டினால் ஆளுக்கும் கருவிக்கும் பாதிச் சிரமம் குறையும். முதல் நாள் மாலை எல்லா வளை வாய்களையும் மண்ணால் அடைத்துவிட்டு, காலையில் எது திறந்திருக்கிறது என்று பாருங்கள். திறந்ததில்தான் எலி இருக்கிறது, மற்றதை வெட்டுவது வீண் கூலி. வெளியே புது மண் குவிந்த வாய்க்கு எதிர்ப்பக்கம், மெல்லிய மண் மூடியோடு ஒரு தப்பு வழி இருக்கும். அதைக் கண்டுபிடித்து வலை போட்டோ கல் வைத்தோ அடைத்த பிறகே வெட்டத் தொடங்க வேண்டும். பக்கத்து வயல்காரரையும் சேர்த்துக்கொள்ளாமல் தனியாக வெட்டினால், அவர் வரப்பு எலி நாலே வாரத்தில் காலி வளைக்குக் குடிவரும். மூன்று வாரச் சினையில் ஐந்து முதல் எட்டுக் குட்டிவரை ஈனும் பிராணி அது.

இவ்வளவு பாடு எதற்கு, விஷம் வைத்துவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. துத்தநாக பாஸ்பைடு தின்ற எலியை நாய் தின்றாலும் ஆந்தை தின்றாலும் ஆபத்து. மனிதர் வயிற்றுக்குள் போனால் அதற்கு மாற்று மருந்து கிடையாது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தப் பொட்டலம் இருப்பதே பயம். எலி பெருகி விஷம் தவிர்க்க முடியாத நேரமும் வரும். அதை வேளாண்மை அலுவலரைக் கேட்டு, ஊரே சேர்ந்து ஒரே நாளில் வைக்க வேண்டும். சின்ன நிலத்துக்கு வெட்டுவதும் தஞ்சாவூர்க் கிட்டி வைப்பதும் முதல் வழி.

வளைக்குள் கையை விடவே கூடாது. எலி இருக்கும் வளைக்கு நல்ல பாம்பும் கட்டுவிரியனும் வரும். நீளக் குச்சியால் துழாவிப் பார்த்த பிறகே மண்ணை அள்ள வேண்டும். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம், அசையாமல் வைத்து 108ஐ அழையுங்கள். எலி சிறுநீர் கலந்த ஈர மண் காலில் உள்ள புண் வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். காலில் பூட்ஸ், கையில் உறை, வேலை முடிந்ததும் சோப்புக் குளியல். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், மருத்துவரிடம் "எலி வளை வெட்டினேன்" என்று நாமாகவே சொல்ல வேண்டும்.

வெட்டிய இடத்தைத் தளர்ந்த மண்ணால் மூடிவிட்டு வந்தால் ஐப்பசி மழையில் முதலில் உடைவது அந்த இடம்தான். அரையடி அரையடியாக மண் போட்டு, தண்ணீர் தெளித்து, மிதித்து இறுக்கிக்கொண்டே மேலே வர வேண்டும். நீர்வளத் துறை வாய்க்கால் கரையில் வளை இருந்தால் நாமாகவே வெட்டக் கூடாது, அலுவலகத்தில் சொல்லிவிட வேண்டும்.

திருவாரூர் வாசகரின் இரண்டு மண்வெட்டிகளையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். வாய் மடங்கியதைக் கொல்லரிடம் கொடுத்தால், மடங்கிய விளிம்பை வெட்டிவிட்டு ஸ்பிரிங் எஃகில் ஒரு விரற்கடை அகலத்துக்குப் புது வாய் சேர்த்து அடித்துத் தருவார். வளையம் பிய்ந்ததை அரம் போட்டுப் பார்க்கட்டும். இரும்பு நல்லதாக இருந்தால் அதன் அலகிலேயே இரண்டு களைக்கொத்து அடிக்கலாம். வெல்டிங் வைத்து மறுபடி வளையத்தை ஒட்டி, அதைக் கொண்டு மட்டும் வளை வெட்டப் போக வேண்டாம்.