வரிசை கலைந்த பிறகு

ஒரு ஜாம் போத்தல். அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், நடுவில் சின்னத் திரி. போத்தலின் கண்ணாடியே சுடருக்குச் சிமினி. 1990இல் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பொருளாதாரத் தடையால் எரிபொருளும் வராமல் போன யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு தலைமுறை இந்த விளக்கில்தான் படித்துப் பரீட்சை எழுதியது.

எண்ணெய் இல்லாமல் ஒரு சமூகம் வாழ முடியுமா என்று உலகம் இப்போது மாநாடு கூட்டிப் பேசுகிறது. யாழ்ப்பாணம் அதை வாழ்ந்தே பார்த்துவிட்டது. பழைய ஏ40 கார்களும் மொரிஸ் மைனர்களும் சில சொட்டுப் பெற்றோலில் கிளம்பி, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலை ஒருவர் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ செய்தி சொன்னது. இறைப்பு மெஷின்கள் நின்ற தோட்டங்களில் துலா மீண்டும் ஏறி இறங்கியது. நோயாளியும் சைக்கிள் கரியரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இதையெல்லாம் இன்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். பெருமைக்குரியதுதான். ஆனால் அந்த நாட்களிலும் எல்லோருடைய கண்ணும் அடுத்த போத்தல் மண்ணெண்ணெய் எப்போது வரும் என்பதில்தான் இருந்தது. எண்ணெயின் பிடி எங்களை விட்டுப் போகவில்லை. 2002இல் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்ததும் துலா மறைந்தது, தெருவெல்லாம் மோட்டார் சைக்கிளாயிற்று. பட்டினி கிடந்தவன் விரதம் இருந்தவன் ஆகமாட்டான்.

பிறகு எண்ணெய் இன்னொரு வழியாக வந்தது. போரினால் தெற்கிலிருந்து வரும் மின்கம்பித் தொடர்பு அறுந்துபோனதால், குடாநாட்டுக்குச் சுன்னாகத்தில் எண்ணெயால் இயங்கும் ஜெனரேட்டர்களே மின்சாரம் கொடுத்தன. அங்கிருந்த கழிவு எண்ணெய் நிலத்துக்குள் இறங்கியது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கற் பாறைக்குள் மழை இறங்கித் தங்குவதைத்தான் கிணறு வெட்டிக் குடிக்கிறோம். அந்தக் கிணறுகளில் அள்ளிய வாளித் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது. சொந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் குடத்தோடு பவுசருக்காகக் காத்துநிற்கும் கொடுமையைச் சனங்கள் அனுபவித்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்குமாறு அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. கெட்ட நிலத்தடி நீருக்கு விலை போட முடியுமா என்பது வேறு கேள்வி.

2022இல் முழு இலங்கையும் வரிசையில் நின்றது. டொலர் கையிருப்பு வற்றி, எண்ணெய்க் கப்பல்கள் காசுக்காகக் கடலில் காத்துக்கிடந்தன. ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. அதுவும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுந்தான். வரிசையிலேயே முதியவர்கள் உயிர்விட்டார்கள். பிறகு கியூஆர் அட்டை வந்தது: மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவுக்குப் போனபோது, அதில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய வள்ளக்காரருக்குக் கடலுக்குப் போனாலும் நட்டம், போகாவிட்டாலும் பட்டினி. மானியத்தில் பழக்கிவிட்டு, மாற்று ஒன்றும் காட்டாமல் மானியத்தைப் பறித்தது அநியாயம் என்றே சொல்வேன்.

எண்ணெயும் எரிவாயுவும் எரிபொருளாக மட்டும் வருவதில்லை என்பதையும் நாடு நோகப் படித்தது. யூரியாவுக்கு மூலப்பொருள் இயற்கை எரிவாயு. 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் திடீரென்று தடைசெய்தது. இயற்கை விவசாயம் நல்ல நோக்கந்தான். ஆனால் போதிய கூட்டெருவும் இல்லை, விவசாயிக்குப் பயிற்சியும் இல்லை, மண்ணுக்கு அவகாசமும் இல்லை. நெல் விளைச்சல் விழுந்தது. நவம்பரில் தடையைக் கைவிட்டார்கள். மாற்றத்தின் பேரையே கெடுத்த வேலை அது.

வெயிலும் காற்றும் எங்களிடம் குறைவில்லை. அவற்றைச் சேமிப்பதுதான் சிக்கல். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை குறைந்துவிட, கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபையே கேட்டது. நண்பகலில் மிஞ்சும் மின்சாரத்தை விளக்கேற்றும் நேரம்வரை வைத்திருக்க மின்கலம் வேண்டும். அதற்குப் பெரும் பணம் வேண்டும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் ஜெனரேட்டரை நம்பி வாழ்ந்த தீவுகள். இவற்றுக்கு இந்திய நன்கொடையில் கலப்பு மின்திட்டம் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆனது. சூரிய சக்தி 1,700 கிலோவாற், காற்று 530 கிலோவாற், கூடவே மின்கலம். அதே திட்டத்தில் அவசரத்துக்கென்று 2,500 கிலோவாற் டீசல் ஜெனரேட்டரும் இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. காற்றடங்கிய மழைக்கால இரவிலும் தீவின் ஆஸ்பத்திரியில் விளக்கு எரிய வேண்டும். எண்ணெயை மாற்றுவது எத்தனை மெதுவான, செலவான, பொறுமை வேண்டிய வேலை என்பதற்கு அந்தக் கணக்கே சாட்சி.

இந்த வேலையை எண்ணெய் தாராளமாகக் கிடைக்கிற நாட்களில்தான் செய்ய முடியும். வரிசை தொடங்கிய பிறகு எந்த அரசாங்கத்திடமும் அதற்கான காசு இருக்காது. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள்: எங்கள் ஊருக்கு நேரத்துக்கு வரும் பஸ் எப்போது? தோட்டத்துக்குச் சூரிய சக்திப் பம்ப் வாங்கக் கடன் எங்கே? வள்ளக்காரரின் எஞ்சினுக்கு என்ன மாற்று? பெற்றோல் விலையைக் குறைப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், விடாதீர்கள், திரும்பவும் கேளுங்கள்.